பதினாறு பூவன் பழம்

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கம் கடைசித் தெருவில், முனுசாமி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் வருமாறு: ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற முனுசாமி, அவர் மனைவி கங்கையம்மாள், அவர்களுடைய ஒரே மகள் சிம்ரன், வயது இருபத்தைந்து, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர்; பிறகு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் சென்னை அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த தேவிப்ரியா. லேப்டாப் திரையில் இருந்தவர்கள் இருவர்: நியூசிலாந்தில் பால் டேங்க் செய்யும் கம்பெனியின் அதிகாரி ஹெலன் அம்மையார், அவருக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொல்ல, அந்த ஊரிலேயே குடியிருக்கும் யாழ்ப்பாணத்துத் திருஞானசம்பந்தம். இவர்கள் தவிர, ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் சாக்கில், பக்கத்து வீட்டுக் கமலவேணி. அவளை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் இருந்தவளை இல்லை என்று சொல்ல முடியாது. பின்னால் ஊரில் பரவியதெல்லாம் அந்த ஜன்னல் வழியாகப் போனதுதான்.

முனுசாமி வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த கைக்கடிகாரம் ஆகியவற்றோடு உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு முதுகு என்று ஒன்று உண்டு என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கலெக்டர் கார் வந்து ஹாரன் அடித்தபோதும் கேட்டைத் திறக்காத மனிதர். பத்து ரூபாய் நோட்டை நீட்டி "சீக்கிரம் தொற பெரியவரே" என்ற லாரிக்காரனிடம், "அதை மடிச்சி உன் காதுல சொருவிக்கோ" என்று சொல்லிவிட்டு, ரயில் போன பிறகும் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்க வைத்தவர்.

அப்படிப்பட்டவர் அன்று காலை செய்த காரியம் விளங்க வேண்டுமானால், பத்து நாள் முன்னால் தேவிப்ரியா முதல் தடவை வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும்.

சிம்ரனின் சான்றிதழ்களைச் சரிபார்க்க வந்தவள் அவள். வந்த வேலை முடிந்ததும் முனுசாமி அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்பதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

"அந்த கம்பெனி எப்படிப்பட்டதுமா?"

"நல்ல கம்பெனிதாங்க ஐயா. அந்த ஊர்ல வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கணும்னா, மொதல்ல கம்பெனியே அரசாங்கத்துகிட்ட போய் அனுமதி வாங்கணும். ஒழுங்கா சம்பளம் குடுக்குதா, பழைய புகார் எதுனா இருக்குதான்னு எல்லாம் பாத்துட்டுதான் விடுவாங்க."

"பாக்கணும். பொண்ணை அனுப்பறதுன்னா சும்மாவா?"

"அப்புறம் அந்த ஊர்லயே விளம்பரம் குடுக்கணும். உள்ளூர் ஆளுங்களைத் தேடணும். தகுந்த ஆளு கெடைக்கலன்னு காட்டினாதான் வெளியூர்ல தேட விடுவாங்க."

முனுசாமியின் முகம் மாறியது. "அப்ப, அந்த ஊர்க்காரன் அத்தினி பேரும் வேணாம்னு தள்ளின வேலையா இது? தள்ளினதைத்தான் என் பொண்ணுக்குத் தராங்களா?"

"நைனா, ஆரம்பிக்காத" என்றாள் சிம்ரன்.

"தள்ளலீங்க ஐயா" என்றாள் தேவிப்ரியா. "அந்த மாதிரி வெல்டிங் தெரிஞ்சவங்க அங்க கெடைக்கல. பால் டேங்க் உள்ள மயிரிழை பிசிறு இருந்தாலும் பால் கெட்டுடும். சிம்ரன் பத்த வெச்சத வீடியோல பாத்துட்டு அவங்க மேஸ்திரி ஒருத்தர் எழுந்து நின்னுட்டாராம்."

"நின்னாரா?"

"நின்னாராம்."

முனுசாமி ஒரு வாய் காபி குடித்தார். வெள்ளைக்காரன் எழுந்து நின்றான் என்பது அவருக்கு விளம்பர விஷயத்தை ஓரளவு ஈடுகட்டியது. உள்ளூர்க்காரனுக்கு என்ன சம்பளமோ அதற்குக் குறையாமல்தான் சிம்ரனுக்கும் தரவேண்டும் என்று சட்டம் இருப்பதாகச் சொன்னபோது இன்னொரு வாய் குடித்தார். கடைசியாகத் தேவிப்ரியா சொன்னதில்தான் காபி தொண்டையில் நின்றது.

"இன்னொண்ணு ஐயா. சிம்ரன்கிட்டயோ உங்ககிட்டயோ யாரும் ஒரு ரூபா வாங்கக் கூடாது. ஆள் எடுக்கிற செலவு அத்தனையும் கம்பெனியோடது. நாங்க வாங்கினா எங்க லைசென்சே போயிடும்."

"ஒரு ரூபா கூடவா?"

"ஒரு ரூபா கூட."

கங்கையம்மாள் உடனே வரதராஜப் பெருமாள் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முனுசாமி போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய அப்பா தர்மன் பண்ணை வேலைக்குப் போனவர். ஒவ்வொரு வருஷமும் நடவுக்கு முன்னால் பண்ணை வீட்டு வேலிக்கு வெளியே நின்று, "சரி, நாளையிலேருந்து வா" என்ற ஒரு குரலுக்காகக் காத்திருப்பார். ஒரு பொங்கலுக்குத் தன் வீட்டுக் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் கையிலிருந்து அதை யாரும் வாங்கவில்லை. "அங்கியே வெச்சிட்டுப் போ" என்றார்கள். பக்கத்தில் நின்ற முனுசாமிக்கு அப்போது ஏழு வயது. வேலையை வாங்கிக்கொண்டு பதிலுக்குத் தகுந்தபடி ஒன்றும் கொடுக்க முடியாதவனைத்தான் வேலிக்கு வெளியே நிற்க வைப்பார்கள் என்று அன்றைக்கு அவர் முடிவு கட்டினார். அந்த முடிவை இன்றுவரை மறுபரிசீலனை செய்யவில்லை.

ஆகவே அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் எவர்சில்வர் தாம்பாளம் இருந்தது. தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பூவன் பழம். அவற்றின்மேல், சிம்ரன் கல்யாணத்துக்கென்று வாங்கி பீரோவில் வைத்திருந்த அரக்கு நிறப் பட்டுப் புடவை.

தேவிப்ரியா பதறி எழுந்தாள். "ஐயோ, புடவையெல்லாம் நான் வாங்கக் கூடாது ஐயா" என்று அதை எடுத்துக் கங்கையம்மாள் கையில் கொடுத்தாள். கங்கையம்மாள் வாங்கிய வேகத்தைப் பார்த்தால், அதற்காகவே காத்திருந்தாள் என்று தெரிந்தது. ஆனால் தாம்பாளத்தைத் தேவிப்ரியா மறுக்கவில்லை. முனுசாமியின் கையிலிருந்து தன் இரண்டு கையாலும் வாங்கினாள். பழம், தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரு நிமிஷம்" என்று தெருமுனைக் கடைக்குப் போய் அரை கிலோ சர்க்கரை வாங்கி வந்து, தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெறும் தட்டைத் திருப்பிக் குடுத்தா எங்க வீட்ல என்னை உள்ள சேக்க மாட்டாங்க" என்றாள்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"திருமுக்கூடல். விவசாயக் குடும்பம்."

முனுசாமி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் போன பிறகு, கொடுத்ததற்குப் பதில் வந்துவிட்டதால் கணக்கு இன்னும் தீரவில்லை, அதுவரை அந்தச் சர்க்கரையைத் தொடக்கூடாது என்று கங்கையம்மாளிடம் சொல்லிவிட்டார்.

விஷயம் அதோடு நின்றிருக்கும். ஆனால் புதன்கிழமை தண்ணீர் பிடிக்கும்போது கமலவேணி கேட்டாள்: "இன்னாண்ணா, சிம்ரனுக்கு வெளிநாட்டு வேலையாமே? எவ்ளோ குடுத்தீங்க? எங்க அண்ணன் பையனுக்கு மூணு லட்சம் ஆச்சி, அதுவும் துபாய்க்கு."

"ஒண்ணும் குடுக்கல."

"சும்மாவா குடுத்தாங்க?" கமலவேணி குடத்தைக் கீழே வைத்தாள். "யாரு காலப் புடிச்சீங்க?"

இந்தக் கேள்வி புதன்கிழமை முழுக்க முனுசாமியோடு இருந்தது. வியாழக்கிழமை காலை அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபோதும் கூடவே உட்கார்ந்தது.

இப்போது கூடத்துக்கு வரலாம்.

ஹெலன் முதலில் சிம்ரனிடம் இங்கிலீஷில் கேட்டார். வேலைக்காக யாருக்காவது பணம் கொடுத்தாயா? இல்லை. பாஸ்போர்ட்டை யாராவது வாங்கி வைத்திருக்கிறார்களா? இல்லை. பிறகு குடும்பத் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார். முன்பு ஒரு பெண்ணுக்குத் தெரியாமலே அவள் வீட்டில் நகையை அடகு வைத்து யாரோ புரோக்கருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து வீட்டுப் பெரியவரையும் கேட்டுவிட்டுத்தான் விசாவுக்கு எழுதுவார்களாம்.

திருஞானசம்பந்தம் தொண்டையைச் செருமினார். "ஐயா, வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர் மட்டுந்தான். நீங்கள் என்ன சொன்னாலும் அப்பிடியே சொல்லிப்போடுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். விளங்குதோ?"

"வெளங்குது."

"உங்கட மகளுக்கு இந்த வேலை கிடைக்கிறதுக்கு, நீங்களோ உங்கட குடும்பமோ ஆருக்கும் காசு, நகை, பொருள் ஏதும் குடுத்தனீங்களோ?"

ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஒரு நீலப் புடவை தொங்கியது. அதற்குப் பின்னால் இரண்டு பாதங்கள். உதறிக்கொண்டிருந்த துணி நின்றுபோயிருந்தது.

"குடுக்காம?" என்றார் முனுசாமி.

தேவிப்ரியா நிமிர்ந்தாள்.

"குடுக்காம வாங்குற குடும்பமா இது? அம்பதாயிரம் ரொக்கம். ஒரு பட்டுப் புடவை. சாதாரணப் புடவை இல்ல, கோர்வை போட்டது. எழுதிக்கச் சொல்லுங்க." ஜன்னல் வரைக்கும் எட்டும்படியாகவே சொன்னார்.

தேவிப்ரியாவின் பேனா கீழே விழுந்து உருண்டது. "நைனா! இன்னா பேசிக்கினு இருக்கிற நீ?" என்று சிம்ரன் கத்தினாள்.

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசிக்கினு இருக்கிறோம்."

"ஐயா," என்றார் திருஞானசம்பந்தம் மெதுவாக, "அப்பிடியே சொல்லட்டோ?"

"அப்படியே சொல்லுங்க. ஒரு எழுத்து கொறையக் கூடாது."

அவர் அப்படியே சொன்னார். வெளியே நீலப் புடவைக்குப் பின்னால் இருந்த பாதங்கள் அவசரமாகக் கிளம்பிப் போயின. திரையில் ஹெலன் தன் முன்னால் இருந்த ஃபைலை மூடினார். பிறகு நெடுநேரம் பேசினார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஐயா, அம்மா சொல்லுறா," என்றார் திருஞானசம்பந்தம். "இந்த விண்ணப்பத்தை இப்ப நிப்பாட்ட வேணுமாம். அந்தச் சென்னை அலுவலகத்தை விசாரிக்க வேணுமாம். வேலைக்கு வாற ஆளிட்டைக் காசு வாங்கிறது எங்கட சட்டத்துக்கு விரோதம். தங்கட பேரில ஆர் வாங்கினாலும் அதைக் கம்பெனி தன்ர பிழையாத்தான் எடுக்குமாம். ஆனபடியா உங்கட அம்பதாயிரத்தையும் சேலையின்ர விலையையும் கம்பெனியே உங்களுக்குத் திருப்பித் தரும். வங்கிக் கணக்கு இலக்கத்தைச் சொல்லுங்கோ."

கங்கையம்மாள்தான் முதலில் அசைந்தாள். அவளுக்கு நடந்ததில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி நன்றாக இருந்தது.

"ஏங்க, அம்பதாயிரம் நமக்கு வருதா?" என்று காதில் கேட்டாள். "பாஸ்புக்கு எடுத்தாரட்டா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் எடுத்தும் வந்துவிட்டாள். முனுசாமியின் முன்னால் ஸ்டூலில் பாஸ்புக் திறந்தபடி கிடந்தது.

"திருப்பிக் குடுக்கிறதுக்கு நான் இன்னா கடனா குடுத்தேன்?" என்றார் முனுசாமி. பழைய கம்பீரத்தோடுதான் சொல்ல ஆரம்பித்தார். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் கணக்கு இடித்தது. கொடுத்ததைத் திருப்பி வாங்குவது அவமானம். சரி. ஆனால் இவர் கொடுக்கவே இல்லையே. கொடுக்காத பணத்தை வாங்கிக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? பத்து ரூபாய்க்குக் கேட்டைத் திறக்காதவன், கடல் தாண்டி வருகிற ஐம்பதாயிரத்துக்குப் பாஸ்புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்பா வேலிக்கு வெளியே நின்றார். ஆனால் ஒருநாளும் யாருடைய காசையும் எடுத்துக்கொண்டு நிற்கவில்லை.

சிம்ரன் அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்: "நைனா, நீ சொன்னது பொய்னு நான் சொன்னா உன் மரியாதை போவும். நான் சொல்லலன்னா என் வேலை போவும். அந்த அக்கா வேலையும் சேந்து போவும். நான் இன்னா செய்யட்டும், நீயே சொல்லு."

முனுசாமி பாஸ்புக்கை மூடினார். எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ரயில் வரும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வதைப் பதிவேட்டில் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டும் குரல் ஒன்று அவரிடம் இருந்தது. எட்டு வருஷமாகப் பயன்படுத்தாத அந்தக் குரலை எடுத்தார்.

"எழுதிக்கோங்க. அம்பதாயிரம் குடுக்கல. புடவைய நீட்டினேன், அந்தப் பொண்ணு வாங்கல, என் பொஞ்சாதி கையிலயே திருப்பிக் குடுத்துட்டுது. குடுத்தது ஒரு தேங்கா, வெத்தல பாக்கு, ஒரு சீப்பு பூவன் பழம். பதிலுக்கு அரை கிலோ சர்க்கரை வாங்கிக்கினேன். அவ்ளோதான்."

திருஞானசம்பந்தம் மொழிபெயர்த்தார். ஹெலன் ஏதோ கேட்டார்.

"அப்ப முதல் ஏன் அப்பிடிச் சொன்னீங்கள் எண்டு கேக்கிறா."

முனுசாமி கைக்கடிகாரத்தை நேராக்கிக்கொண்டார்.

"மரியாதைக்கு."

திருஞானசம்பந்தம் இங்கிலீஷில் ஆரம்பித்தார். ஒரு நிமிஷம் பேசினார். இரண்டாவது நிமிஷத்தில் கையை நீட்டித் தட்டு ஏந்துவதுபோல் காட்டினார். மூன்றாவது நிமிஷத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பேசினார். ஹெலன் தாடையில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முனுசாமிக்குச் சந்தேகம் வந்தது. "இன்னாங்க, நான் ஒரு வார்த்தைதானே சொன்னேன்? கூட்ட மாட்டேன்னீங்களே?"

"ஓம் ஐயா. கூட்டேல்லை. இங்கிலீசில அதுக்குக் கொஞ்சம் கூட இடம் வேணும்."

ஹெலன் தலையசைத்தார். ஆனாலும் சொன்னதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். அப்போதுதான் தேவிப்ரியாவுக்கு உயிர் வந்தது. அவர்கள் அலுவலகத்தில் ஒரு பதிவேடு உண்டு. யார் எதைக் கொடுத்தாலும், ஒரு சாக்லேட் என்றாலும், அன்றைக்கே அதில் எழுதிவிட வேண்டும். போனில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து உரக்கப் படித்தாள்:

"பெற்றது: தேங்காய் ஒன்று. வெற்றிலை பாக்கு. பூவன் பழம் ஒரு சீப்பு, பதினான்கு. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட்டது. பட்டுப் புடவை ஏற்கப்படவில்லை. பதிலுக்குக் கொடுத்தது: சர்க்கரை, அரை கிலோ."

முனுசாமிக்கு அந்தப் பதிவேட்டின்மேல் மிகுந்த மதிப்பு ஏற்பட்டது. தேதி, பொருள், எண்ணிக்கை எல்லாம் வரிசையாக இருந்தன. மதிப்பு ஏற்பட்டதாலேயே சும்மா இருக்க முடியவில்லை.

"பதினாலு இல்ல" என்றார். "பதினாறு."

"நைனா, உன் கால்ல விழறேன், விட்டுடு" என்றாள் சிம்ரன்.

"எப்படி விடறது? எண்ணித்தான் வாங்கினேன். ஒரு சீப்பு, பதினாறு பழம். பதிவேட்டுல தப்பா ஏறினா தப்பு தப்புதான். ரெண்டு பழம் எங்க?"

திருஞானசம்பந்தம் இதையும் ஒரு எழுத்து குறையாமல் மொழிபெயர்த்தார். ஹெலன் தேவிப்ரியாவைப் பார்த்தார். எல்லோரும் தேவிப்ரியாவைப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்து, கீழே விழுந்த பேனாவைத் தேடுவதுபோல் குனிந்தாள்.

"பஸ்ல பசிச்சிது," என்றாள். "வாலாஜாபாத் தாண்டினதும் ரெண்டு தின்னுட்டேன்."

அது மொழிபெயர்ப்பாகிப் போய்ச் சேர்ந்ததும், ஹெலன் திரையை விட்டு விலகினார். வெற்று நாற்காலியும் யாரோ இருமுவது போன்ற சத்தமும் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தன. திரும்பி வந்தபோது கண்கள் ஈரமாக இருந்தாலும் முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அம்மா சொல்லுறா," என்றார் திருஞானசம்பந்தம், அவருடைய தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு வாழைப்பழத்துக்குக் கணக்குக் கேக்கிற ஆள் அம்பதாயிரத்தைக் குடுத்துப்போட்டு இல்லையெண்டு சொல்லமாட்டாராம். நடந்ததை எழுதிக் கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ. பதிவேட்டைப் பதினாறு எண்டு திருத்த வேணும். பிறகு விசா வேலை தொடரும்."

முனுசாமி எழுதினார். இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, நேரமும் குறித்தார். தேவிப்ரியா கிளம்பும்போது, "ரெண்டு பழம் தின்னேன்னு அப்பவே எழுதியிருந்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கமா" என்றார். "அம்பதாயிரம் குடுத்தேன்னு நீங்க சொல்லாம இருந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க ஐயா" என்றாள் அவள். முனுசாமி அதைக் காதில் வாங்கவில்லை. ஆனால் கங்கையம்மாளிடம், இனி அந்தச் சர்க்கரையைக் காபிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்.

ஏழு வாரத்தில் விசா வந்தது. சிம்ரன் போய்ச் சேர்ந்து, பால் டேங்க் ஒன்றின் பக்கத்தில் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பினாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர். அவரும் நின்றுகொண்டிருந்தார் என்பதை முனுசாமி கவனித்தார்.

ஊரில் மட்டும் கதை வேறு மாதிரி போயிற்று. ஐம்பதாயிரம் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஜன்னலை விட்டுப் போன கமலவேணிக்கு மீதி தெரியாது. அன்று மதியம் சின்ன காஞ்சிபுரத்தில் அது ஒரு லட்சமாக இருந்தது. வரதராஜப் பெருமாள் கருட சேவை வருவதற்குள் மூன்று லட்சமும் இரண்டு புடவையும் ஆகிவிட்டது. டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து முனுசாமிக்கு இடம் கொடுத்து, "பொண்ணுக்காக மூணு லட்சம் எடுத்து வெச்ச பெரிய மனுஷன்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். முனுசாமிக்கு உட்கார ஆசையாகத்தான் இருந்தது. உட்காரவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, பஸ் முழுவதும் கேட்கும்படி விஷயத்தைத் திருத்திச் சொன்னார்.

சொன்னது இதுதான். மகளுக்கு வேலை வாங்க முனுசாமி மூன்று லட்சமும் இரண்டு பட்டுப் புடவையும் கொடுத்தார் என்று பேசுவது உண்மையல்ல. பணம் எதுவும் கொடுக்கவில்லை. இருப்பது ஒரே புடவை; அது வீட்டு பீரோவில் இருக்கிறது. கொடுத்தது ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பூவன். பழம் பதினாறு.